ஒன்பதாவது பார்க்

ஏனுங்க தம்பி, அந்தப் பெஞ்சுல உக்காராதீங்க. ஓரத்துல ஒரு ஆணி தூக்கிட்டு நிக்குது, பேண்ட்டு கிழிஞ்சு போயிரும். இங்க வந்து உக்காருங்க. இதுவும் ஆடும், ஆனா உழுகாது.

தப்பா நெனச்சுக்காதீங்க, நீங்க போன்ல பேசினது காதுல உழுந்துச்சு. நான் ஒட்டுக் கேக்கலை, நீங்க பேசின சத்தம் அப்படி. பாப்பாவுக்கு ரெண்டாவது பொறந்தநாளுங்களா? மண்டபத்துல வெச்சாப் புழுங்கும், பார்க்குல வெச்சுக்கலாம்னு வீட்டுல சொல்லிட்டிருந்தீங்க. நல்ல யோசனைதானுங்க. ஆனா இந்தப் பார்க்கு வேண்டாம்.

காரணம் சொல்றேன். போயி அந்தச் சறுக்குமரத்தைத் தொட்டுப் பாருங்க. தகரம். மேக்காலப் பார்த்து வெச்சிருக்காங்க, நாலு மணி வெயிலு பூராம் அது மேலதான். இன்னும் ஒரு மணி நேரத்துக்குச் சுடும். ரெண்டு வயசுக் கொழந்த தொடை என்னத்துக்காகும்? அந்த ஊஞ்சல்ல எடதுபக்கச் சங்கிலியில மூணாவது கண்ணி தேஞ்சு போயிருக்கு. இங்கிருந்து பார்த்தாத் தெரியாது, கையில உருட்டிப் பார்க்கணும். அப்பறம் மணல். மணல்ல பூனை வருது. நான் சொல்றதைச் சொல்லிப்போட்டேன், அப்பறம் உங்க இஷ்டம்.

எனக்கு எப்படித் தெரியும்னு பார்க்கறீங்க. இந்த டவுனுக்குள்ள ஒம்பது பார்க்கு பார்த்திருக்கேனுங்க. சும்மா எட்டிப் பார்க்கறதில்ல. மூணு வாரம், நோட்டுப் போட்டு, டேப்பு புடிச்சுப் பார்த்தது. என்ற பையனுக்கு ரெண்டாவது பொறந்தநாளு, அதுக்குத்தான்.

நமக்குச் சோலி பம்ப்செட் கம்பெனியிலங்க. தனபால்னா அங்க எல்லாத்துக்கும் தெரியும். ஃபைனல் செக்கிங். பதினாறு வருசமாச்சு. ஒரு மோட்டாரு கம்பெனிய விட்டு வெளிய போறதுக்கு முன்னால கடைசியாத் தொடற கை என்ற கை. நான் ரிஜெக்ட்டுன்னு சிவப்புப் பெயின்ட்டு வெச்சா வெச்சதுதான். முதலாளியே வந்து, தனபாலு, இதை மட்டும் உட்டுரு, லாரி நிக்குதுன்னு சொல்லியிருக்காரு. உட்டதில்லீங்க. ஒருக்கா உட்டா அப்பறம் கையி பழகிப் போயிரும்.

இருங்க, மொதல்ல கதைய ஒழுங்காச் சொல்லிப்போடறேன். இல்லீன்னா உங்களுக்கு வெளங்காது.

என்ற வீட்டுக்காரி கோகிலா, ஊரு கோபி. பையன் பேரு இனியன். பையனுக்கு ஏழு மாசமா இருக்கறப்ப அவ பொறந்த வீட்டுக்குப் போயிட்டா. போனவ வரலை. என்ன சண்டைன்னு எல்லாரும் கேக்கறாங்க. சண்டையே இல்லீங்க. நான் கையி நீட்டினதில்ல, குடிக்கறதில்ல, பீடி சிகரெட்டு கெடையாது. தப்பைத் தப்புன்னு சொன்னேன், அவ்வளவுதான். பால் புட்டிய அஞ்சு நிமிசம் கொதிக்க வெக்கணும்னா அஞ்சு நிமிசம்தானே? நாலு நிமிசத்துல எறக்குனா நான் சொல்லத்தானே வேணும்? எத்தனை மணிக்குக் குடிச்சான், எவ்வளவு குடிச்சான்னு ஒரு நோட்டுப் போட்டு வெச்சேன். அவளை எழுதச் சொன்னேன். பத்து நாள் எழுதினா. அப்பறம் ஒரு நாள் பூராத்துக்கும் ஒட்டுக்காச் சாயங்காலம் உக்காந்து எழுதியிருக்கா, ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. கண்டுபுடிச்சுட்டேன். எங்க மாமனாரு வந்திருந்தாரு, அவருக்கு முன்னாலதான் சொன்னேன். இது பொய் ரிப்போர்ட்டுன்னேன். அதுக்குப் போயி பையைத் தூக்குவாங்களா? அப்பாகூடவே கெளம்பிப் போயிட்டா.

அப்பறம் என்ன, வக்கீலு, கோர்ட்டு. பையனைப் பார்க்கணும்னு நான்தான் போட்டேன். மாசத்துல ஒரு நாளு, கோர்ட்டுலயே ஒரு ரூமு இருக்குது, பொம்மையெல்லாம் போட்டிருக்கும், அங்க ஒரு மணி நேரம் பார்த்துக்கலாம்னாங்க. ஏழு தேதி வந்துச்சு. அதுல மூணு தடவைதான் பார்த்தேன். ரெண்டு தடவை பையனுக்குச் சளின்னு அவிங்க வரலை. ரெண்டு தடவை எனக்குப் போக முடியலை, கம்பெனியில ஆடிட்டு. பொறந்தநாளு வர்றப்ப, கடைசியாப் பார்த்து நாலு மாசம் ஆயிருந்துச்சு. தலை நெறயச் சுருட்டை முடிங்க அவனுக்கு. கண்ணு வரைக்கும் வந்து உழுகும். ஒரு பொம்மைக் காரை வெச்சு உருட்டிட்டே இருந்தான், நிமுந்து பார்க்கலை. முடிதான் தெரிஞ்சுது.

அதுக்கப்பறம் கேஸு கூப்பிட்ட ஒரு நாளு ஜட்ஜம்மா ஒண்ணு சொன்னாங்க. பொறந்தநாளு வருதே, அன்னிக்குப் பொழுதோட நாலுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு பார்க்குல வெச்சுக் கொண்டாடட்டும், பார்க்கு எதுன்னு அப்பாவே பார்த்து முடிவு பண்ணட்டும், அம்மா கொழந்தையக் கூட்டிட்டு வரட்டும், வேற சொந்தக்காரங்க, ஒறம்பறை யாரும் வேண்டாம்னாங்க. அது நல்லபடியா நடந்துச்சுன்னா, அதுக்கப்பறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பையனை வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிக்கலாம்னாங்க. எங்க வக்கீலு என்ற கையப் புடிச்சு அமுக்குனாரு. நல்ல பார்க்கா மட்டும் பாருங்க தனபால், மிச்சம் தானா நடக்கும்னாரு.

வீட்டுக்கேங்க. காலைல எட்டு மணிக்குக் கூட்டிட்டு வந்தா ஆறு மணி வரைக்கும் நம்ம பையன் நம்ம வீட்டுல. அதுக்குத்தான் ஒம்பது பார்க்கு.

மொதப் பார்க்கு, சிமெண்டு யானை நிக்குதே, அந்தப் பார்க்கு. யானையோட தும்பிக்கையில கம்பி தெரியுது. ரிஜெக்ட்டு. ரெண்டாவதுல நடுவால ஒரு தண்ணித் தொட்டி, கைப்பிடிச் செவுரு முழங்காலுக்குக் கீழ. ரிஜெக்ட்டு. மூணாவதுல எட்டு மாதிரி நடக்கறதுக்குக் கூழாங்கல்லு பதிச்சு வெச்சிருக்காங்க, அஞ்சு மணிக்கெல்லாம் சர்க்கரைக்காரங்க நாப்பது பேரு சுத்திட்டிருக்காங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் இடிக்காத கொறை. நாலாவது நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கம்பி வேலியில இடைவெளி பதினாறு சென்டிமீட்டரு. ரெண்டு வயசுப் பையன் தலை நொழையுமா நொழையாதா? எனக்கு அளவு தெரியலை. பையன் தலை சுத்தளவு என்கிட்ட இல்லையே.

அங்கதான் மாட்டிக்கிட்டேன். சறுக்குப் படி எவ்வளவு உசரம் இருக்கலாம், ஊஞ்சலு எவ்வளவு கனம் தாங்கணும், இதுக்கெல்லாம் பையனோட உசரம், எடை வேணுமுங்க. எங்க தெருவுல அங்கன்வாடி டீச்சரு ஒருத்தங்க இருக்காங்க, அவிங்ககிட்டப் போயி ரெண்டு வயசு ஆம்பளப் பையன் எத்தனை கிலோ இருப்பான்னு கேட்டேன். செவுத்துல ஒட்டியிருந்த அட்டையப் பார்த்துப் பன்னண்டு கிலோன்னாங்க. சொல்லிப்போட்டு, ஏனுங்க, உங்க பையன்தானே, தூக்கிப் பார்த்தாத் தெரியாதான்னாங்க. உசரத்தையும் குறிச்சுட்டு வந்துட்டேன்.

கோகிலாவைக் கேட்டிருக்கலாமேன்னு நெனப்பீங்க. கேக்கலீங்க. ஏன் கேக்கணும்? அளவு எங்க கெடைச்சாலும் அளவுதானே.

அஞ்சாவது பார்க்குல இருந்து பன்னண்டு கிலோ அரிசிய ஒரு பையில கட்டிட்டுப் போனேன். ஊஞ்சல்ல வெச்சு ஆட்டிப் பார்ப்பேன். சறுக்குல மேல இருந்து உடுவேன், கீழ எவ்வளவு வேகத்துல வந்து உழுகுதுன்னு பார்ப்பேன். பொம்பளைங்க எல்லாம் சிரிச்சாங்க. ஒரு வாண்டு வந்து, மாமா, அரிசி எதுக்கு ஊஞ்சலாடுதுன்னு கேட்டுச்சு. நீங்களும் சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. எனக்கு இப்ப ஒண்ணும் தெரியறதில்லீங்க. பல்லுப் புடுங்கறதுக்கு முன்னால ஊசி போடுவாங்கல்ல, வாய் ஒருபக்கம் நம்முளுது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படித்தான் இருக்குது. அப்ப அப்படி இல்ல. அப்ப அந்த அரிசிப் பை சறுக்குல இருந்து ஒருபக்கமாச் சாஞ்சு உழுந்தப்ப எனக்குப் பதறிப் போச்சு. ஓடிப் போயித் தூக்கினேன். தூசியெல்லாம் தட்டினேன்.

இந்தப் பார்க்கு ஏழாவது. இதுவும் ரிஜெக்ட்டுதான்.

ஒம்பதாவதுதான் ஓகே ஆச்சு. பழைய தறிக்குடோனு தெரியுமுங்களா, அதுக்குப் பின்னால சின்னதா ஒரு பார்க்கு. நடுவால பெரிய தூங்குமூஞ்சி மரம். மூணரைக்கே பூராம் நெழலு. சறுக்கு பிளாஸ்டிக்கு, சுடாது. ஊஞ்சல்ல தொட்டில் மாதிரி, முன்னால கம்பி போட்டது. கேட்டு ஒண்ணே ஒண்ணு. கேக்கு வெட்டறதுக்கு ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்னாங்க, எழுதிக் குடுத்தேன், அன்னிக்கே முத்திரை போட்டுத் தந்துட்டாங்க. அங்க கூட்டற அம்மா, மாராத்தாள்னு பேரு, எந்தக் கொழந்தைக்குங்க கண்ணுன்னு கேட்டுச்சு. என்ற பையனுக்குன்னேன். அதுக்குச் சிரிப்பு. நான் நாலு மணிக்குள்ள கூட்டி வெச்சுப்போடறேன்னு சொல்லுச்சு.

நீங்க அங்க வையுங்க. நான் தைரியமாச் சொல்றேன், அந்தப் பார்க்குல ஒரு கொறையும் இல்லை.

பொறந்தநாளுக்குப் பத்து நாளைக்கு முன்னால கோகிலா போன் பண்ணினா. அவளாப் பண்ணினது அது ஒண்ணுதான் அந்த வருசத்துல. எந்தப் பார்க்குங்கன்னா. சொன்னேன். ஒவ்வொரு பார்க்கா என்ன கொறைன்னும் சொன்னேன். பூராத்தையும் கேட்டா. கேட்டுப்போட்டு, எதுன்னாலும் பரவால்லீங்க, நெழலு இருந்தாப் போதும்னா. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. மூணு வாரம் அலைஞ்சிருக்கேன், இவ நெழலு இருந்தாப் போதும்கறா. அப்பறம், ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், பையனுக்குப் போன மாசம்னு ஆரம்பிச்சா. நான் சொல்ல உடலை. வாய்ப்பேச்சு வேண்டாம், எதுன்னாலும் வாட்ஸ்அப்புல எழுதிப் போடு, நாளைக்கு ரெக்கார்டு வேணும்னு சொன்னேன். வக்கீலு அப்படித்தான் இருக்கச் சொல்லியிருந்தாரு. செரிங்கன்னு வெச்சுட்டா.

வாட்ஸ்அப்புல ஒண்ணும் வரலை. நானும் பார்த்துட்டேதான் இருந்தேன். சொல்லணும்னா எழுதியிருக்கலாமில்ல? நாலு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? அதை நான் இன்னிக்கும் கேப்பேன்.

அந்த நாளும் வந்துச்சு. புதன்கிழமை. லீவு போட்டேன். ரெண்டரைக்கே போயிட்டேன். மரத்தடியில ஒரு மடக்கு மேசை போட்டு, இருவது பலூன் ஊதி, பாதி மேசைக்கால்லயும் பாதி மரத்துலயும் கட்டினேன். கேக்கு, காரு மாதிரி செய்யச் சொல்லி வாங்கினது. கீழ பாய் விரிச்சேன். தரையில கண்ணாடிச் சில்லு கிடக்குதான்னு குனிஞ்சு குனிஞ்சு பார்த்தேன். எல்லாம் கரெக்டா இருந்துச்சு. மணி மூணு அம்பது.

நான் கேட்டுக்கு முதுகு காட்டிட்டு, அவுந்த பலூன் ஒண்ணைக் கட்டிட்டிருக்கேன். மேசை ஆடுது. திரும்பிப் பார்த்தா ஒரு மொட்டை. சந்தனம் பூசின சின்ன மொட்டை. காதுல பொட்டுத் தோடு, மஞ்சச் சட்டை. நோஞ்சானா இருந்துச்சு. பொம்பளப் புள்ளைன்னு நெனச்சேன். கேக்குப் பெட்டியப் புடிச்சு இழுத்துட்டு நிக்குது, காரு காருன்னு சொல்லுது.

பார்க்குல வர்ற யாரு ஊட்டுக் கொழந்தையோன்னு நெனச்சுட்டேனுங்க. இன்னும் பத்து நிமிசத்துல என்ற பையன் வந்துருவான், கேக்கை இது கலைச்சுப் போட்டா என்ன பண்றது? பாப்பா, இது உன்னுது இல்லை கண்ணு, போ, அம்மாகிட்டப் போன்னு சொன்னேன். போகலை. பெட்டிய உடவும் இல்லை. ஒவ்வொரு வெரலா நானே எடுத்து உட்டேன். பிஞ்சு வெரலு. மறுபடியும் புடிச்சுது. மறுபடியும் எடுத்து உட்டேன். இது எங்க பையனுக்கு, எங்க பையனுக்குப் பொறந்தநாளு, நீ போன்னு, தோளைப் புடிச்சு அப்படியே திருப்பி, கேட்டைப் பார்த்து நிறுத்தினேன். லேசா ஒரு தள்ளு. அடிக்கலீங்க. தள்ளினேன்.

அது ரெண்டெட்டு வெச்சு நின்னுச்சு. திரும்பி என்னையப் பார்த்துச்சு. வாயைத் தொறந்துச்சு, சத்தமே வரலை மொதல்ல. அப்பறம் வந்துச்சு.

கோகிலா பத்தடி தள்ளி நின்னுட்டிருந்தா. கையில ஒரு பையி. எப்ப வந்தான்னு தெரியலை. எவ்வளவு நேரம் நின்னான்னும் தெரியலை.

ஏங்க, அது இனியன்ங்கன்னா.

நான் மொதல்ல அவ சொன்னதை நம்பலை. தலையப் பார்த்தேன். முடி எங்கன்னு கேட்டேன். அதுதான் என்ற வாயில வந்துச்சு, முடி எங்க. அவ கொழந்தையத் தூக்கித் தோள்ல போட்டுட்டுச் சொன்னா. போன மாசம் காய்ச்சலு நிக்கலையாம். ஆறு நாளு ஆஸ்பத்திரியில வெச்சிருந்தாங்களாம். பழனிக்கு முடி எறக்கறேன்னு வேண்டிக்கிட்டாளாம். போன வாரம் பையனோட நட்சத்திரம் வந்துச்சே, அன்னிக்குப் போயி எறக்கிட்டு, காதும் குத்திட்டு வந்தாங்களாம்.

நீங்களே சொல்லுங்க தம்பி. மொத முடி எந்தக் கோயில்ல எறக்கணும்? அப்பன் வழிக் குலதெய்வத்துக்குத்தானே? எங்களுக்குன்னு கோயிலு இருக்குதில்ல? என்னையக் கேக்காம எப்படி எறக்கலாம்? நான் அதைத்தான் அங்கயே கேட்டேன், அழற கொழந்தைய வெச்சுட்டு. அவ அவன் முதுகைத் தட்டிட்டே இருந்தா. காய்ச்சலு எப்படி இருக்குதுன்னு நான் கேக்கலைங்கறது மறுநாள் டூட்டியில நிக்கறப்பதான் ஞாபகம் வந்துச்சு.

மிச்ச நேரமும் இருந்துட்டுத்தான் போனாங்க. அவதான் எல்லாம் பண்ணினா. கொழந்தையச் சமாதானம் பண்ணி, கீழ எறக்கி, அது கையில கத்தியக் குடுத்து, அது கை மேல அவ கைய வெச்சு, என்னைய வாங்கன்னா. நீங்களும் வெய்யுங்கன்னா. வெச்சேன். அவன் கையி உள்ள இருக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியலை, கோகிலா கைதான் தெரிஞ்சுது. கேக்கை வெட்டினோம். அவன் வாயில ஒரு வில்லை வெச்சேன். மூஞ்சியத் திருப்பிட்டான். அவ அதையே வாங்கி ஊட்டினா, தின்னான். அப்பாகிட்டப் போ சாமி, அப்பா பலூன் தர்றாங்க பாருன்னு எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தா. அவன் அவளோட துப்பட்டாவுக்குள்ள பூந்துக்கிட்டு ஒரு கண்ணுல பார்த்தான். நான் கிட்டப் போனா உதடு பிதுங்குது. நான் நின்னுட்டேன். ஊஞ்சல்ல வெச்சா. நான் தள்ளி நின்னு பார்த்தேன். ஊஞ்சலு நல்லா ஆடுச்சு, ஒரு சத்தம் வரலை. ஆறு மணிக்குக் கெளம்பினாங்க. பலூன் எல்லாம் அப்படியே இருந்துச்சு. மாராத்தாள்கிட்ட உங்க பேரனுக்குக் கொண்டுட்டுப் போங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

அன்னையில இருந்துதானுங்க இது. இந்த மரத்துப் போற மாதிரி. வலிக்கலை. அழுகையும் வரலை. கம்பெனிக்குப் போறேன், வர்றேன், சோறு திங்கறேன். உப்பு இருக்குதா இல்லையான்னு தெரியாமத் திங்கறேன். நானு! உப்பு ஒரு சிட்டிகை எச்சாப் போனா எந்திரிச்சுப் போறவன்.

இருங்க, முடியலை இன்னும். போன் வந்தாப் பேசிட்டு வாங்க, நான் இருக்கேன். இல்லீங்களா? செரி.

மூணு வாரம் கழிச்சு கோர்ட்டுல தேதி. எங்க வக்கீலுகிட்ட நான் எதுவும் சொல்லலை. கேக்கு வெட்டினதை போட்டோ எடுத்தீங்களான்னு கேட்டாரு, கோகிலா எடுத்து அனுப்பியிருந்தா, அதைக் காட்டினேன். அருமையா இருக்குதுன்னாரு. நான் நெனச்சுட்டேன், இன்னிக்கு அவ சொல்லத்தான் போறா. புள்ளைய அடையாளம் தெரியாத அப்பன், புடிச்சுத் தள்ளுன அப்பன்னு சொன்னா முடிஞ்சுது. சொல்றதுக்கு அவளுக்கு நியாயமும் இருக்குது. பார்த்தவ அவ ஒருத்திதான். மாராத்தாள்கூட அந்நேரம் கொழாயடியில இருந்துச்சு. அவிங்க அண்ணன் ஈஸ்வரன் கேட்டுக்கு வெளிய காருல உக்காந்திருந்தான், அவனுக்கும் தெரியாது.

ஜட்ஜம்மா எங்க ரெண்டு பேரையும் முன்னால கூப்பிட்டாங்க. பொறந்தநாள் எப்படிம்மா போச்சு, நீ சொல்லுன்னாங்க கோகிலாவை. அவ தலைய நிமுத்தாமச் சொன்னா.

நல்லாப் போச்சுங்கம்மா. நெழலான எடமாப் பார்த்து வெச்சிருந்தாரு. பையன் அவிங்கப்பாவைப் பார்த்ததும் நல்லா ஒட்டிக்கிட்டான். ஞாயித்துக்கிழமை அனுப்பறதுல எனக்கு ஒண்ணும் இல்லீங்கம்மான்னா.

ஈஸ்வரன் பின்னால இருந்து தங்கச்சியவே பார்க்கறான். அவிங்க வக்கீலும் பார்க்கறாரு. யாரும் அவளை அப்படிச் சொல்லச் சொல்லலை போல. ஜட்ஜம்மா மூஞ்சியில சிரிப்பு. அப்ப எழுதிரலாம்னு பேனாவைத் தொறந்தாங்க.

நான் சொன்னேன். அது தப்புங்கம்மான்னு சொன்னேன்.

எங்க வக்கீலு என்ற சட்டையப் புடிச்சு இழுக்கறாரு. நான் நிறுத்தலை. அவ சொல்றது உண்மை இல்லீங்கம்மா, பையன் என்கிட்ட வரவே இல்லை, எனக்கு அவனை அடையாளம் தெரியலை, வேற யாரு கொழந்தையோன்னு வெரலு வெரலா எடுத்து உட்டுத் தள்ளிப்போட்டேன், அழுதான்னு சொன்னேன். பூராத்தையும் சொன்னேன். முடி எறக்கினதையும் சொன்னேன். எத்தனை மணிக்குன்னும் சொன்னேன். பின்ன என்னங்க? பொய் ரிப்போர்ட்டுக்கு நான் பதினாறு வருசத்துல ஒருக்காக்கூடக் கையெழுத்துப் போட்டதில்ல. எனக்குச் சாதகமா இருக்குதுங்கறதுக்காக உட்டுர முடியுமா? நியாயம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதானே?

ஜட்ஜம்மா பேனாவை மூடி வெச்சாங்க. நல்லவருதான் நீங்கன்னாங்க. ஆனா கொழந்த பயந்து போயிருக்குது, மொதல்ல பழகட்டும், பழையபடி மாசம் ஒருக்கா இங்கயே ரூம்ல பாருங்க, வீட்டுக்கு அனுப்பறதை அடுத்த வருசம் யோசிக்கலாம்னாங்க. எழுதியும் போட்டாங்க.

அதுக்கப்பறம் ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கு எங்க போறதுன்னு தெரியறதில்லீங்க. வீட்டுல உக்கார முடியறதில்ல. அந்த ஒம்பதாவது பார்க்குக்குப் போக காலு வரலை. அதுதான் இங்க வந்து உக்காந்துக்கறேன்.

அன்னிக்கு எங்க வக்கீலு வெளிய வந்ததும் என்னைய உட்டுட்டு விறுவிறுன்னு போயிட்டாரு. நான் ஜெராக்ஸ் கடை கிட்ட வண்டிய எடுக்கறேன். கோகிலா வந்தா. ஈஸ்வரன் வேண்டாம் வேண்டாம்னு கையப் புடிக்கறான், உதறிட்டு வந்தா. என்ற முன்னால வந்து நின்னா. கண்ணு, மூக்கு எல்லாம் செவந்து கெடக்குது. நடுரோட்டுல அத்தனை பேரு போறாங்க வர்றாங்க.

எங்க அண்ணன்கிட்டக்கூடச் சொல்லாம வெச்சிருந்தேனுங்க, நானா மனசார உங்களுக்குக் குடுத்தேனுங்க, அதையும் தப்புன்னுட்டீங்களேன்னா. ஒரே ஒருக்கா, ஒரே ஒருக்கா எங்கிட்ட ஒண்ணை வாங்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களான்னா. சொல்லிட்டு அங்கயே நின்னு அழுதா. சின்னப் புள்ளை மாதிரி, சத்தம் போட்டு.

நான் வண்டிச் சாவிய வெச்சுட்டு நின்னேன். நீ சொன்னது தப்புத்தானேன்னேன்.

நீங்க கல்யாணமானவரு தம்பி, பொம்பளைங்க மனசு கொஞ்சம் தெரிஞ்சிருக்கும். கேஸுல செயிச்சது அவதானுங்க. பையன் அவகிட்டயேதான் இருக்கான். எதுக்குங்க அழுதா?